புதிய நெடுஞ்சாலையை எதிர்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் காலையில் வயலுக்கு நடுவே வண்ணம் பூசிய கல் ஒன்று முளைத்திருக்கும். யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. விசாரித்தால் நெடுஞ்சாலை வருகிறது என்பார்கள். பெரும்பாலான எதிர்ப்புகள் அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் தொடங்குகின்றன, அதாவது கொஞ்சம் தாமதமாக. அப்படித் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், உலகின் பல மூலைகளில் நடந்த போராட்டங்களைப் பார்த்து நான் தெரிந்துகொண்ட பதில்களும் இங்கே இருக்கின்றன. எல்லாச் சாலையும் கெட்டது என்று நினைப்பவன் அல்ல நான். அது பதில்களைப் படிக்கும்போது தெரியும்.

இப்போதைக்கு வெறும் பேச்சுதான் அடிபடுகிறது. அரசாணை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு நெடுஞ்சாலை ஒரே நாளில் முடிவாவதில்லை. முதலில் தேவை இருக்கிறதா என்று ஓர் ஆய்வு, அப்புறம் சாத்தியக்கூறு அறிக்கை, வரைபடத்தில் இரண்டு மூன்று வழித்தடங்கள், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மக்கள் கருத்துக் கேட்பு, நிலம் கையகப்படுத்தல், ஒப்பந்தப்புள்ளி என்று வரிசையாகப் போகும். நாட்டுக்கு நாடு பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறலாம். மாறாத ஒன்று உண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் செலவழித்த பணம் கூடுகிறது, அந்த முடிவோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கூடுகிறார்கள். வழித்தடங்களை ஒப்பிடும் கட்டத்தில் ஒரு கோட்டை நகர்த்த ஒரு பொறியாளர் மனது வைத்தால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதே கோட்டை நகர்த்த ஒரு நீதிமன்றமே தேவைப்படும்.

எனவே பேச்சு அடிபடும்போதே மூன்று ஆவணங்களை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: சாத்தியக்கூறு அறிக்கை, ஒப்பிட்டுப் பார்த்த வழித்தடங்களின் வரைபடம், போக்குவரத்துக் கணக்கெடுப்பு. தகவல் கேட்கும் உரிமை இன்று பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் 1998-இல் கையெழுத்தான ஆர்ஹூஸ் உடன்படிக்கையும், லத்தீன் அமெரிக்காவில் 2018-இல் வந்த எஸ்காசு உடன்படிக்கையும் சுற்றுச்சூழல் தகவலைப் பெறுவதை மக்களின் உரிமை என்றே சொல்கின்றன. தர முடியாது என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வழக்குக்கு உதவும்.

சாலையை எதிர்த்தால் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்களே?

சொல்வார்கள். "சாலை வேண்டுமா, வேண்டாமா" என்பது அவர்களுக்கு வசதியான கேள்வி. அதற்கு "வேண்டாம்" என்று பதில் சொல்லிவிட்டால், ஆம்புலன்ஸ் வர வழியில்லாத ஊரைக் காட்டி உங்களை ஒரே நிமிடத்தில் மடக்கிவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்தச் சாலை, இந்த இடத்தில், இந்த அகலத்தில் ஏன்? இதே தேவையை வேறு எப்படியெல்லாம் தீர்க்கலாம் என்று பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் அந்தக் கணக்கு எங்கே?

போலந்தில் நடந்ததைப் பாருங்கள். வடகிழக்கில் ஆகுஸ்தூஃப் என்ற சிறு நகரம். அதன் தெருக்கள் வழியாகக் கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடின. நகரத்து மக்கள் புறவழிச்சாலை கேட்டார்கள், அது நியாயமான கோரிக்கை. ஆனால் அரசு போட்ட கோடு ரோஸ்புடா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சதுப்புநிலத்துக்கு மேலே போனது. ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நிலம் அது. எதிர்த்தவர்கள் புறவழிச்சாலையே கூடாது என்று சொல்லியிருந்தால் அந்த நகரத்தின் சாபத்தோடு தோற்றிருப்பார்கள். சாலை வரட்டும், பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு வரட்டும் என்றார்கள். வேறு வழித்தடத்தை வரைந்தும் காட்டினார்கள். 2007-இல் ஐரோப்பிய ஆணையம் விஷயத்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2009-இல் போலந்து அரசு பள்ளத்தாக்கை விட்டு விலகும் வழித்தடத்துக்கு மாறியது. 2014-இல் அந்தப் புறவழிச்சாலை திறக்கப்பட்டது. லாரியும் நகரத்தை விட்டுப் போனது, சதுப்புநிலமும் பிழைத்தது.

புதுச் சாலை வந்தால் நெரிசல் தீரும் என்பது உண்மைதானே?

கொஞ்ச நாளைக்குத் தீரும். அப்புறம் திரும்ப வரும். சாலை அகலமானதும், முன்பு ரயிலில் போனவர், வேறு நேரத்தில் போனவர், போகாமலே இருந்தவர் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு அதில் இறங்குவார்கள். சாலையோரம் வீட்டுமனைகளும் கிடங்குகளும் வரும். அவற்றுக்கு வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

பிரிட்டிஷ் அரசு நியமித்த நிபுணர் குழுவே 1994-இல் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவில் டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நகரங்களில் நெடுஞ்சாலைத் தடங்கள் எத்தனை சதவீதம் கூடுகின்றனவோ கிட்டத்தட்ட அதே சதவீதம் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று கண்டார்கள். ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி நெடுஞ்சாலையைப் பெரும் செலவில் விரிவுபடுத்தி 2008-இல் முடித்தார்கள். பக்கச்சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அப்படியும் சில ஆண்டுகளிலேயே உச்சநேரப் பயணம் மறுபடி நீண்டுபோனது.

உங்கள் திட்ட அறிக்கையில் எதிர்காலப் போக்குவரத்துக் கணிப்பு என்று ஒரு பகுதி இருக்கும். சாலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் வண்டிகளின் எண்ணிக்கை ஒன்றேதான் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அதில் பயண நேரம் மிச்சம் என்று காட்டும் லாபம் ஊதிப் பெருக்கப்பட்டது. இந்த ஒரு கேள்வியைக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது.

சாலைக்கு எடுப்பது ஒரு நீளமான பட்டைதானே? மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு?

கணக்குப் போடுவோம். 70 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 7 ஹெக்டேர். 100 கிலோமீட்டருக்கு 700 ஹெக்டேர். இதில் சந்திப்புகள், சுங்கச்சாவடிகள், மண் வெட்டும் குழிகள், ஜல்லி எடுக்கும் குன்றுகள் சேரவில்லை.

அதைவிட முக்கியம், பட்டை நிலத்தை எடுப்பதோடு நிற்காது, வெட்டவும் செய்யும். வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். கிணறு ஒரு பக்கம், அது நீர் பாய்ச்சும் தோட்டம் மறுபக்கம். நேற்றுவரை நடந்து போன தூரத்துக்கு இன்று அடுத்த சுரங்கப்பாதை வரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு அது அரை நாள் வேலை. முக்கோணமாகவும் வாலாகவும் மிஞ்சும் துண்டு நிலங்களில் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. இந்தத் துண்டுகளுக்கு இழப்பீடு கணக்கிடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். எடுத்த நிலத்துக்கு மட்டும் விலை போட்டுவிட்டு, கெட்டுப்போன மிச்சத்தை மறந்துவிடுவார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்த்திப் போட்ட சாலை ஒரு நீண்ட கரை மாதிரி. மழைநீர் வழக்கமாக ஓடும் திசைக்குக் குறுக்கே அது நின்றால், மேற்புறம் வெள்ளம் தேங்கும், கீழ்ப்புறத்து ஏரிக்கு வரத்து குறையும். ஓடைக்கு ஒரு சிறுபாலம் வைத்திருப்பார்கள். ஆனால் வரைபடத்தில் பெயரில்லாத வாய்க்கால்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மழை பெய்யும்போது போய்ப் படம் எடுத்து வையுங்கள். வேறு எந்த ஆவணமும் அதற்கு ஈடாகாது.

விலங்குகள் சாலையைக் கடந்து போய்விடாதா?

சில கடக்கும், சில அடிபடும், சில கடக்கவே முயலாது. நம் கண்ணுக்குத் தெரிவது நடுவிலுள்ள சாவு மட்டும்தான். மூன்றாவதுதான் ஆபத்தானது என்பது என் எண்ணம்.

சாலைக்கு இருபுறமும் பிரிந்துபோன கூட்டம் ஒன்றோடொன்று சேராவிட்டால், சில தலைமுறைகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகத் தொடங்கும். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சான்டா மோனிகா மலைகளில் வாழும் மலைச்சிங்கங்களுக்கு இதுதான் நடந்தது. சுற்றிலும் நெடுஞ்சாலைகளும் கடலும் அடைத்துக்கொண்டதால் அவற்றின் மரபணு வளம் சுருங்கியது. அதைச் சரிசெய்யத்தான் பத்துத் தடம் கொண்ட 101-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்று ஒரு பாலம் கட்டும் பணியை 2022-இல் தொடங்கினார்கள்.

சத்தம் மட்டுமே எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதை அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் அழகாகச் சோதித்தார்கள். சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் வரிசையாக ஒலிபெருக்கிகளை வைத்து வண்டிச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வலசைப் பறவைகள் இளைப்பாறும் இடம் அது. சத்தம் இருந்த நாட்களில் பறவைகள் கால்வாசிக்கும் மேல் குறைந்துபோயின. தார் இல்லை, வண்டி இல்லை, புகை இல்லை, வெறும் சத்தம்தான்.

காட்டுக்குள் போகும் சாலைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது குட்டி போடும். முதன்மைச் சாலையிலிருந்து மரம் வெட்டப் போகும் பாதை, அதிலிருந்து இன்னொன்று என்று கிளைவிடும். அமேசான் காடுகளில் அழிந்த பரப்பை அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு போகும் ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கிறது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. திட்ட அறிக்கை சாலையின் அகலத்துக்குள் வரும் மரங்களை மட்டும் எண்ணியிருந்தால், பத்தில் ஒரு பங்கைக்கூட எண்ணவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குகளுக்குத் தனிப் பாலமும் சுரங்கப்பாதையும் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

நன்றாகக் கட்டினால் பலன் தரும், அதை மறுக்க வேண்டாம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும், இடையே நீளமான வேலியும் இருக்கின்றன. விலங்கு மோதும் விபத்துகள் அங்கே சுமார் 80 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது 9 இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். அவற்றில் நீளமானது 750 மீட்டர். அடியில் புலி நடந்து போகும் படங்கள் தானியங்கிக் கேமராக்களில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தூண்கள் எளிதில் கிடைத்துவிடவில்லை, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திப் பெற்றவை.

ஆனால் பாலம் என்ற சொல்லைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கே, எத்தனை, எவ்வளவு அகலம், வேலி உண்டா, வேலியைப் பத்து ஆண்டு கழித்து யார் பழுதுபார்ப்பார்கள் என்று கேளுங்கள். வேலி இல்லாத சுரங்கப்பாதை பெரும்பாலும் வீண், விலங்கு தன் பழைய தடத்திலேயேதான் சாலைக்கு வரும். மழைநீர் வடிகாலையே விலங்குப் பாதை என்று கணக்குக் காட்டுவதும் நடக்கிறது. ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் குழாய்க்குள் எது நுழையும்? பான்ஃபில் கரடிகள் அந்தப் பாலங்களை நம்பிக் கடக்கவே சில ஆண்டுகள் ஆயின.

இன்னொன்று. தவிர்க்க முடியுமா என்று பார்த்து, முடியாது என்று நிரூபித்த பிறகுதான் பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சுவார்த்தை பாலத்திலிருந்தே தொடங்கினால் வழித்தடம் முடிந்துபோன விஷயமாகிவிடும்.

சுற்றுச்சூழல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கிறது. எங்கிருந்து படிப்பது?

மாற்றுவழிகள் பற்றிய அத்தியாயத்திலிருந்து. அநேகமாக அது எல்லாவற்றிலும் சிறிய அத்தியாயமாக இருக்கும். மூன்று வழித்தடங்களை ஒப்பிட்டதாக ஓர் அட்டவணை இருக்கும். மற்ற இரண்டும் யாருமே தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்ற அளவுக்கு அபத்தமாக வரையப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கும் சாலையை மேம்படுத்துவது, ரயிலில் சரக்கை அனுப்புவது, எதுவுமே செய்யாமல் விடுவது ஆகிய மூன்றையும் எடைபோட்டார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது கள ஆய்வு நடந்த தேதிகள். வலசைப் பறவைகள் வராத மாதத்தில் போய்விட்டு வலசைப் பறவைகள் இல்லை என்று எழுதுவார்கள். கோடையில் போய்த் தவளை இல்லை என்பார்கள். பகலில் மட்டும் நடந்துவிட்டு இரவாடி விலங்குகளே கிடையாது என்பார்கள். உயிரினப் பட்டியலை நிதானமாக வாசியுங்கள். உங்கள் பகுதியில் இருக்கவே முடியாத செடியோ பறவையோ அதில் இருந்தால், வேறு எங்கோ எழுதிய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு தவறான பறவை முழு அறிக்கையின் நம்பகத்தன்மையையும் சாய்த்துவிடும்.

மூன்றாவதாக, திட்டத்தைத் துண்டு போட்டிருக்கிறார்களா? நீளமான ஒரே சாலையை நாலைந்து சிறு திட்டங்களாகக் காட்டினால், ஒவ்வொன்றின் பாதிப்பும் சிறியதாகத் தெரியும். சில நாடுகளில் குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே இருந்தால் அனுமதியே தேவைப்படாது. துண்டுகளை ஒட்டி ஒரே வரைபடமாக்கிக் காட்டுங்கள்.

எங்களிடம் விஞ்ஞானிகள் இல்லையே?

செல்போன் இருக்கிறது. விலங்கின் கால்தடம், எச்சம், கூடு, அடிபட்ட உடல் எதைப் பார்த்தாலும் இடக்குறிப்போடு படம் எடுங்கள். தேதி, நேரம், யார் பார்த்தது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். ஓர் ஆண்டு விடாமல் எழுதினால், மூன்று நாள் வந்துபோன ஆலோசகரின் அறிக்கையைவிட அது கனமாக நிற்கும். மிகைப்படுத்த மட்டும் வேண்டாம். நாயின் தடத்தைச் சிறுத்தை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் உண்மையான சிறுத்தையையும் நம்ப மாட்டார்கள். பக்கத்துக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ சொல்லித்தரும் ஒருவரிடம் நோட்டைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று வழித்தடம் சொன்னால் துன்பத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவதாகாதா?

இதுதான் மனசாட்சியுள்ள எவரையும் உறுத்தும் கேள்வி. ஆகும், கவனமில்லாமல் செய்தால். அரசுகளும் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. இரண்டு வழித்தடங்களை வெளியிட்டுவிட்டு, இரண்டு பக்கத்து மக்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் குரல் குறைந்த பக்கம் சாலை போகும். குரல் குறைந்த பக்கம் என்றால் பெரும்பாலும் ஏழைகளின் பக்கம், அல்லது காடு. காட்டுக்குக் குரலே கிடையாது.

நான் பார்த்தவரை இதற்கு ஒரே வழி, வழித்தடத்தின் இரு முனைக்கும் இடைப்பட்ட எல்லா ஊர்க்காரர்களும் முதல் மாதத்திலேயே ஒன்றாக உட்கார்வது. புதுக்கோடு போடும்படி கேட்பதற்கு முன்னால் இருக்கும் சாலையையே செப்பனிடும்படி கேட்பது. வளைவுகளைச் சரிசெய்வது, விபத்து நடக்கும் சந்திப்பை மாற்றுவது, ஊருக்கு மட்டும் சின்னதாக ஒரு புறவழி போடுவது ஆகியவற்றுக்குச் செலவும் குறைவு, இடம்பெயர்பவர்களும் குறைவு. திறப்பு விழாவில் நாடா வெட்ட அவ்வளவு எடுப்பாக இருக்காது என்பதுதான் குறை.

தான்சானியா 2010-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் வடபகுதி வழியாக நெடுஞ்சாலை போடப்போவதாக அறிவித்தது. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் வலசை போகும் தடத்தின் குறுக்கே அது வந்தது. எதிர்த்தவர்கள் பூங்காவைத் தெற்கே சுற்றிப்போகும் பாதையை முன்வைத்தார்கள். அது இன்னும் அதிக மக்களுக்குச் சாலை வசதி தரும் என்றும் வாதிட்டார்கள். பூங்காவுக்குள் வரும் 53 கிலோமீட்டரைத் தார் போடாத மண்சாலையாகவே விடுவதாக 2011-இல் அரசு யுனெஸ்கோவிடம் சொன்னது. 2014-இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றமும் தார்ச்சாலைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தங்கள் துன்பத்தை அடுத்தவர் தலையில் தள்ளாமல், கூடுதல் பேருக்குப் பயன்படும் பாதையை அவர்களால் காட்ட முடிந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது. அமைகிறதா என்று தேடாமல் இருக்கக்கூடாது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

ஒருவர் ஒரு விஷயம். நீங்கள் கிணறு, அவர் பறவை, இன்னொருவர் போக்குவரத்துக் கணக்கு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் ஒரே பேச்சைப் பேசினால் பதிவேட்டில் ஒரு வரியாகிவிடும். பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கோபம் வரும், வரட்டும். ஆனால் மைக்கைப் பிடுங்குவதும் நாற்காலியைத் தூக்குவதும் மறுநாள் செய்தியாகி, நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையும் அச்சில் வராது.

இழப்பீடு வாங்கிக்கொண்டவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்யக்கூடாது. கடனில் இருப்பவருக்கும் மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படுபவருக்கும் அந்தக் காசோலை வேறு மாதிரித் தெரியும். அவர்களைத் துரோகி என்று சொன்ன இடங்களில் எல்லாம் கூட்டம் இரண்டாக உடைந்திருக்கிறது. பணம் வாங்கியவருக்கும் ஓடை அதே ஓடைதான், அவரும் சாட்சி சொல்ல வரலாம்.

நீதிமன்றத்துக்குப் போனால் ஜெயிக்க முடியுமா?

சாலை தேவையா என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதை அரசின் வேலை என்று விட்டுவிடும். முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கும். எனவே மாற்றுவழிகளைப் பார்க்கவில்லை, மக்களைக் கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை என்பவைதான் நிற்கும் வாதங்கள்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஓவர்டன் பார்க் என்ற பழைய காடு கொண்ட பூங்காவைப் பிளந்து நெடுஞ்சாலை போட இருந்தார்கள். சாத்தியமான, விவேகமான வேறு வழி இருந்தால் பூங்கா நிலத்தைத் தொடக்கூடாது என்று அங்கே சட்டம். 1971-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒப்புக்குப் பார்க்காமல் கறாராகப் பார்க்கச் சொன்னது. கடைசிவரை அந்தப் பூங்காவுக்குள் நெடுஞ்சாலை வரவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் தொல்லியல் தளத்தின் வழியே சுரங்கச்சாலை போடும் அனுமதியை 2021-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாற்றுவழிகளைச் சரியாகப் பரிசீலிக்காதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2023-இல் மறுபடி அனுமதி கொடுத்தார்கள், 2024-இல் புதிய அரசு செலவைக் காட்டித் திட்டத்தையே கைவிட்டது. கவனித்தீர்களா? வழக்கு சாலையை நிறுத்தவில்லை, தாமதப்படுத்தியது. அந்தத் தாமதத்தில் செலவும் அரசும் மாறின.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 277 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சென்னை-சேலம் எட்டு வழிச்சாலையில், நிலம் எடுக்கும் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. நிலம் எடுக்க முன்வருவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்ற வாதம் அங்கே எடுபட்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டத்தில் அனுமதி தேவையில்லை என்று அறிவிப்பைச் செல்லும் என்றது. ஆனால் அவசரமாக வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதைத் திருத்தச் சொன்னது. ஒரே வாதம் ஒரு மாடியில் ஜெயித்து அடுத்த மாடியில் தோற்கலாம். கையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே வாதத்தில் வைக்காதீர்கள்.

மறியல், மரத்தில் ஏறி உட்கார்வது இதெல்லாம் பயன்படுமா?

அந்தச் சாலையை நிறுத்துவது அபூர்வம். இங்கிலாந்தில் 1992-இல் ட்வைஃபோர்ட் டவுன் குன்றைக் காக்க முயன்றவர்கள் தோற்றார்கள், குன்றை வெட்டிச் சாலை போனது. 1996-இல் நியூபரி புறவழிச்சாலைக்காக மரங்களை வெட்டியபோது மரவீடுகளில் தங்கிப் போராடியவர்களும் தோற்றார்கள். ஜெர்மனியில் 2020-இல் டானென்ரோட் காட்டிலும் அதேதான். ஆனால் நியூபரியின் சத்தத்துக்குப் பிறகு அடுத்தடுத்த சாலைத் திட்டங்கள் பல பிரிட்டனில் கைவிடப்பட்டன. முதலில் நின்றவர்கள் தங்கள் குன்றை இழந்து யாரோ ஒருவரின் குன்றைக் காப்பாற்றினார்கள். கசப்பான கணக்குதான். அதில் இறங்குவதற்கு முன் கைது, வழக்கு, அபராதம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். யாரையும் வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

விசாரணை அதிகாரியே சாலைக்கு ஆதரவாக அறிக்கை கொடுத்துவிட்டார். முடிந்ததா?

வேல்ஸில் முடியவில்லை. நியூபோர்ட் அருகே குவென்ட் சதுப்புநிலங்களுக்கு மேலே எம்-4 நெடுஞ்சாலைக்குத் துணைச்சாலை போடலாம் என்று நீண்ட விசாரணைக்குப் பிறகு விசாரணை அதிகாரி பரிந்துரைத்தார். 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தார். செலவு ஒரு காரணம், சுற்றுச்சூழல் இன்னொன்று. எதிர்த்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பேசியிருந்தார்கள். நிதியமைச்சர் தவளைக்கு மனம் இரங்காவிட்டாலும் செலவுக் கணக்குக்கு இரங்குவார்.

திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். இனி நிம்மதிதானே?

ஒரு நாள் கொண்டாடுங்கள். அப்புறம் கைவிட்ட ஆணையின் நகலை வாங்குங்கள். "தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று இருந்தால் அது வெற்றி இல்லை. பொலிவியாவில் திப்னிஸ் காட்டின் குறுக்கே சாலை போடுவதை எதிர்த்து 2011-இல் பழங்குடி மக்கள் அரசு இயங்கும் லா பாஸ் நகரம் வரை நடந்தே போனார்கள். சாலை வராது என்று சட்டமே இயற்றிக் கொடுத்தார்கள். 2017-இல் இன்னொரு சட்டத்தால் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டார்கள். உங்கள் நோட்டும் வரைபடமும் கடிதங்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அடுத்த முறை வருபவர்களுக்கு இருபது வயதாக இருக்கலாம், உங்கள் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

தோற்றுவிட்டோம், சாலை வந்துவிட்டது. இனி செய்ய என்ன இருக்கிறது?

நிறைய. அனுமதி ஆணையில் நிபந்தனைகள் இருக்கும்: இத்தனை மரம் நட வேண்டும், இத்தனை சுரங்கப்பாதை, இந்த இடத்தில் வேகத்தடை என்று. அவற்றைப் படித்து, நிறைவேறியதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் உங்களைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நட்ட மரங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சாலையையும் இரவில் மூட முடியும். பந்திப்பூர் காட்டின் வழியே போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சத்தியமங்கலம் காட்டில் திம்பம் சாலைக்கும் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இரவுத் தடை வந்தது. இரண்டும் பல ஆண்டுகளாக வண்டி ஓடிக்கொண்டிருந்த சாலைகள். இரவில் எத்தனை விலங்குகள் அடிபடுகின்றன என்ற கணக்கு கையில் இருந்தால் இதைக் கேட்கலாம். அந்த நோட்டை விடாமல் எழுதச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.